பன்னில் இழைத்த முஸல்லா

குளிர்கால விடுமுறை என்பது எங்கள் கரையோரத்துக்குப் பொருந்தாத சொல். டிசம்பரில் இங்கே பனி பொழிவதில்லை, மழைதான். வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து, ஆண்டு மழையின் பெரும் பங்கை ஒரு சில மாதங்களுக்குள் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கொட்டிவிட்டுப் போகும். வெள்ளாமை பச்சையாய் நிற்கும். களப்பு நிரம்பும். தவளைகள் வளவுக்குள் குடிவரும். பாடசாலை மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் அந்நாட்களை நாங்கள் மாரி விடுமுறை என்றுதான் சொல்லி வந்தோம்.

முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை றமழானுக்கு உரியது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், ஏறக்குறைய 33 ஆண்டுகளில் நோன்பு எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். 1998 தொடக்கம் 2001 வரை நோன்பும் மாரியும் ஒன்றாகவே வந்தன. என்னுடைய சிறுபராயத்தின் நோன்பு நினைவுகள் எல்லாம் ஈர வாசனை உள்ளவை. கஞ்சிக் கோப்பையில் எழும் ஆவி, காயாத உடுப்புகள், தராவீஹுக்குப் போகும் பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர். இவற்றோடு இன்னொரு வாசனையும் இருந்தது. அது பன்னின் வாசனை.

பன் என்பது நீர் தேங்கும் பள்ளங்களிலும் களப்போரங்களிலும் வளரும் ஒரு கோரை இனம். கோடையில் நீர் வற்றும்போது பெண்கள் இறங்கி வெட்டுவார்கள். வெயிலில் பரப்பி உலர்த்தினால் பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வரும். நிறம் ஏற்ற வேண்டியதைத் தனியே பிரித்துச் சாயத் தண்ணீரில் அவித்து, மறுபடி உலர்த்தி, கட்டுக் கட்டாக அடுப்படிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். இழைக்கும் வேலை மாரிக்கு உரியது. வெளியில் வேலை குறைவு என்பது ஒரு காரணம். காய்ந்த பன் கோடை வெயிலில் மடிக்கும்போது முறிந்துவிடும், மழைக்காலத்து ஈரக்காற்றில் மெதுமையாகி விரலுக்கு வளையும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஸஹர் முடிந்து சுபஹும் தொழுத பிறகு, வெளிச்சம் நன்றாக வருமுன் உள்ள பொழுதையே என் மூத்தம்மா இழைப்புக்குத் தேர்ந்திருந்தார். அவசரப்பட்டு இழுத்தால், "பன் கோவிக்கும் மகள், மெள்ள இழு" என்பார்.

பாடசாலையில் அக்காலம் எங்களிடம் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். பெயர், பிறந்த திகதி, வாப்பாவின் தொழில், பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'முத்திரை சேர்த்தல்' என்று எழுதினோம். சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ கடிதம் வரும் வீடுகள் சிலவற்றைத் தவிர, மற்ற எவரிடமும் சேர்ப்பதற்கு முத்திரை இருக்கவில்லை. பாய் இழைத்தல் என்று ஒருத்திகூட எழுதவில்லை. அது பொழுதுபோக்கு அல்ல, வேலை. அதுவும் வறுமைப்பட்ட வீட்டுப் பெண்களின் வேலை. பொழுதுபோக்கு என்ற சொல்லை மூத்தம்மாவிடம் சொன்னபோது அவருக்கு விளங்கவே இல்லை. பொழுதை எதற்குப் போக்க வேண்டும், அதுவாகத்தானே போகிறது என்று கேட்டார். இன்றுவரை எனக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை.

1999 டிசம்பரில் றமழான் விடுமுறையின்போது நான் ஒரு முஸல்லா இழைத்தேன். ஒரு ஆள் நின்று தொழும் அளவு. நடுவில் சிவப்புக் கோடு இரண்டு. பெரிய பாய்க்குக் கை போதாது, அதனால் சிறியதில் தொடங்கு என்றார் மூத்தம்மா. பின்னல் எளிதாய் வந்துவிட்டது. ஓரம் மடித்துக் கட்டுவதுதான் நோன்பின் பிந்திய பத்து முழுவதையும் எடுத்தது. முடிந்ததும் சொன்னார்: "முதல் பாய வீட்டுல வெக்கப் போடாது மகள். ஆருக்காவது குடுத்திரு." எனக்குக் குர்ஆன் ஓதித்தந்த மாமிக்கு அதைப் பெருநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதில் பல ஆண்டுகள் தொழுதார். நெற்றி படும் இடமும் கால் படும் இடமும் தேய்ந்த பிறகு, கிழிந்ததை வெட்டி எடுத்துவிட்டு மிஞ்சியதை ஓதவரும் சிறுவர்கள் உட்காரப் போட்டிருந்தார்.

கையால் செய்த பரிசு என்றதும் என் மனதுக்கு வருவது புகாரியில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அறிவிக்கும் சம்பவம். ஒரு பெண் தன் கையாலேயே நெய்த கரைபோட்ட போர்வையொன்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. உடுத்திக்கொண்டு வெளியே வருகிறார்கள். அதைக் கண்ட ஒருவர் தனக்குத் தரும்படி கேட்கிறார், உடனே கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் கேட்டாயே என மற்றவர்கள் கடிந்துகொள்கின்றனர். உடுத்துவதற்கல்ல, தன் கபனுக்காகவே கேட்டேன் என்கிறார் அவர். அவ்வாறே அது அவரது கபனாயிற்று. இச்சம்பவத்தை எங்கள் மேடைகளில் கொடைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நெய்த அந்தப் பெண்ணைப் பற்றி எவரும் நின்று பேசி நான் கேட்டதில்லை. நூலை எங்கே வாங்கினார், எத்தனை நாள் இருந்து நெய்தார் என்பதெல்லாம் எனக்குத் தோன்றும் கேள்விகள். முஃமின்களின் தாயாரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) தம் கையால் உழைத்துத் தோல் பதனிட்டுத் தைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர். 'நீண்ட கை உடையவர்' என்ற முன்னறிவிப்பு அவரையே குறித்தது என்பது அவர் மறைந்த பின்னரே மற்ற மனைவியருக்கு விளங்கியது. உழைத்த கைதான் அங்கே நீண்ட கை.

எங்கள் வீதியில் அப்படி ஒரு கை இருந்தது. கணவன் இல்லாமல் மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்த ஒரு ராத்தா. அவர் இழைக்கும் பாயில் ஒரு நெளிவு காணமுடியாது. படுக்கும் அளவிலான ஒரு பாய்க்கு நாலைந்து நாட்கள் செல்லும். வாசலுக்கு வரும் வியாபாரி அதை வாங்கிச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். அவர் கொடுத்த காசில் பன்னின் விலை, சாயத்தின் விலை போக அந்த நாலைந்து நாட்களுக்கு என்ன மிஞ்சியது என்று ராத்தா கணக்குப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இழைத்திருக்கமாட்டார். நான் விடுமுறைக்கு விரும்பி இழைத்த அதே பன், அவருக்கு அரிசியாக மாறவேண்டியிருந்தது. கைவேலையின் அழகைப் பற்றி எழுதும் நாம் இந்த இடத்தைப் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

பிளாஸ்டிக் பாய் வந்தது. அதை நான் திட்டப்போவதில்லை. விலை குறைவு, கழுவலாம், உடனே காயும். மாரியில் பன்பாய்க்குப் பூஞ்சணம் பிடிக்கும், பிளாஸ்டிக்குக்குப் பிடிக்காது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அதுவும் ஒரு மாரிகாலத்து ஞாயிறு, கடல் வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, முகாம்களின் ஈரத் தரையில் விரிக்க அகப்பட்டது பிளாஸ்டிக் பாய்தான். அந்த நேரம் அது ஒரு நிஃமத்து. ஆனால் வெயில் பட்டுப்பட்டு அது நாராய்ப் பிரிந்து போகும்போது போவதற்கு இடம் இல்லை. பன்பாய் கிழிந்தால் ஆட்டுக்கொட்டிலுக்குப் போகும், அங்கேயும் உக்கினால் தென்னை அடிக்குப் போகும், இரண்டு மாரியில் மண்ணாகும். பிளாஸ்டிக் பாய் குப்பை மேட்டுக்குப் போகும்.

குப்பை மேடு எங்கே இருக்கிறது என்பது எங்கள் மாவட்டத்து யானைகளுக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் அயல் கிராமங்கள் ஒன்பதின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. அங்கே உணவு தேடி வந்து பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகின. உள்ளே இருந்தவை ஷொப்பிங் பைகளும் உணவு சுற்றிய தாள்களும். மதிய உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். நோன்புக் காலத்தில் பள்ளிவாசலுக்கு வெளியே இப்தார் முடிந்தபின் கிடப்பதைப் பார்த்தால் அந்தத் தடையின் வலிமை விளங்கும்.

இப்போது விடுமுறை வந்தால் கைவேலை மறுபடி மவுசாகியிருக்கிறது. நல்லதுதான். என் பிள்ளைகளும் செய்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கிவரும் அந்தக் கைவேலைப் பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் மணி, மினுங்கல் தூள், ஒட்டுவதற்குப் பசைக்குச்சி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொலித்தீன் உறைக்குள். அதில் ஒரு பெருநாள் வாழ்த்து அட்டை செய்து முடிக்கும்போது அட்டையைவிட உறைகள் அதிகமாய்க் கிடக்கின்றன. மருதோன்றியும் இப்படித்தான். வேலியில் இலை நிற்க, கடையில் கூம்பு வாங்குகிறோம். கறுப்பாய்ப் பிடிக்கும் என்று விற்கப்படும் சில கூம்புகளில் தலைமயிர்ச் சாயத்தின் இரசாயனம் கலந்திருக்கும், பிள்ளைகளின் தோல் வெந்து கொப்புளமாகும். அரைத்த இலை ஒருநாளும் கறுக்காது, செம்மஞ்சளாய்த்தான் சிவக்கும். ஹஜ்ஜுக்குப் போய் வருவோர் ஊருக்கெல்லாம் கொண்டுவரும் வெல்வெட் முஸல்லாக்களின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மக்காவில் வாங்கியது, சீனாவில் செய்தது. அன்பில் குறையொன்றுமில்லை.

கையால் செய்துவிட்டால் மட்டும் அது பசுமையாகிவிடாது என்றுதான் நான் நினைக்கிறேன். அது எந்த மண்ணிலிருந்து வந்தது, எந்த மண்ணுக்குப் போகும் என்று கேட்கவேண்டும். பன்பாயைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கான விடையே இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. மூத்தம்மாவும் அந்த ராத்தாவும் பன் வெட்டிய பள்ளம் இன்று இல்லை. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்கியடித்து வாழும் எங்கள் ஊர்களில், கரையை விட்டால் போவதற்கு இருந்தவை வயலும் பள்ளமும்தான். டிப்பர்கள் கிறவல் கொண்டுவந்து கொட்டின. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் பள்ளத்தை நிரப்பி வீடு கட்டினால், ஐயோ பன் போய்விட்டதே என்று அவரிடம் எந்த நாவால் சொல்வது? அதேவேளை, நீர் தங்கிய இடத்தில் வீடு வந்தால் நீர் வேறிடம் தேடும் என்பதும் உண்மை. 2011 ஜனவரி வெள்ளத்தில் அது வீடுகளுக்குள்ளேயே வந்து தங்கியது. வீட்டுக்காக நிரப்பியதும் இருக்கிறது, விலை ஏறும் என்று வாங்கிப்போட்டு நிரப்பியதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. பிந்தியதைப் பற்றி எங்கள் ஜும்ஆ மேடைகள் பேசலாம். பரிசு கொடுப்பதன் சிறப்பைப் பற்றிப் பேசுவதில் ஒரு வெள்ளியை இதற்கு ஒதுக்கலாம்.

கடந்த மாரியில் அந்த ராத்தாவைத் தேடிப் போனேன். கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. என் பிள்ளைகளுக்கும் அவர்களின் தோழிகள் நால்வருக்கும் பழக்கித்தர வேண்டும் என்றேன். டியூசன் வாத்தியாருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதைத் தாருங்கள் என்றார். வேறு எதுவும் பேசவில்லை. நியாயமான கூலி, கொடுத்தோம். பன் எங்கள் ஊரில் கிடைக்காததால் களப்பின் மறுபக்கத்திலிருந்து இரண்டு கட்டு வந்தது. அது ஆறு பேருக்குப் போதவில்லை. என் இளைய மகள் இழைத்தது ஒரு முழத்தோடு நிற்கிறது, சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறாள். ஓதித்தரும் மாமிக்குத்தான் கொடுக்கப்போகிறாளாம்.

மீதிக்குப் பன் வேண்டும். கோடையில் நீர் வற்றியதும் வெட்டலாம் என்று களப்புக்கு அப்பால் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். ராத்தாவே கூட வந்து கட்டைப் பார்த்து எடுப்பதாகச் சொல்லி, அதற்கும் ஒரு நாள் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.