எனக்குக் காப்பி பிடிக்கும்

தங்கவயலை நம்பி நம் பாட்டன்மார் இப்பக்கம் வந்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் நாம் பூதிகோட்டையிலேயே தங்கிவிட்டோம். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், அடுப்பங்கரையில் மட்டும் தமிழ் என்று நம் குழந்தைகள் வளர்கின்றனர்.

ஒருநாள் காலை மகள் கேட்டாள்: “அப்பா, ஆங்கிலத்தில் ‘ஐ லைக் காபி’ என்கிறோம், ‘நான்’ என்பதே எழுவாய். தமிழில் மட்டும் ‘எனக்கு’ என்று ஏன் சுற்றி வளைக்கிறோம்? நம் மொழி தலைகீழா?”

பத்தாம் வகுப்போடு நின்ற நமக்கு விடை தெரியவில்லை. “பேசாமல் குடி” என்று அதட்டினோம். அவள் முகம் வாடியது பல நாள் நம்மை உறுத்திற்று.

மேற்படிப்புக்கு இத்தாலி செல்லவிருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, தன் பாடநூலோடு ஒருநாள் வந்தான். அதில் ஒரு வாக்கியம்: ‘மி பியாச்சே இல் கஃபே’. ‘மி’ என்றால் ‘எனக்கு’. நம் நான்காம் வேற்றுமையேதான்! ‘பியாச்சே’ என்பது ‘பிடிக்கிறது’. ‘இல் கஃபே’ காப்பி. அங்கும் எழுவாய் ‘நான்’ அன்று. பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகி, ‘மி பியாச்சொனோ’ என்றாகும். நம் ‘பிடிக்கும்’ மாறுவதில்லை. பூவும் பிடிக்கும், பூக்களும் பிடிக்கும்.

ஆயினும் எல்லாம் ஒத்திருக்கவில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை அவர்கள் ‘ஓ ஃபாமே’, அதாவது ‘பசி உடையேன்’ என்பர். ஆகவே இத்தாலியம் ஒத்துக்கொண்டதால் தமிழ் சரியென்பதில்லை. ஆங்கிலம் ஒவ்வாததால் தவறென்பதுமில்லை. ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் மரபு உண்டு.

1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இதை அறிந்தவர். தம் தாய்மொழியின் அச்சில் தமிழை வார்க்க முயலாமல், தமிழ் மரபைக் கற்று, 1730இல் ‘தொன்னூல் விளக்கம்’ என்னும் இலக்கணமே இயற்றினார். கடல் கடந்து வந்தவர் மதித்த மரபை, வீட்டுக்குள் பிறந்த குழந்தை குறையென எண்ணலாமா?

அன்று மாலை மகளை அருகழைத்து யாவும் சொன்னோம். சிறிது யோசித்தவள், “கன்னடத்திலும் ‘நனகெ காஃபி இஷ்ட’ என்றுதானே சொல்கிறார்கள்? அதுவும் ‘எனக்கு’தானே, அப்பா!” என்றாள். நாள்தோறும் தெருவில் கேட்டும் நமக்குத் தோன்றாதது அது!

அன்பர்களே, குழந்தைகள் தமிழைப் பற்றிக் கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிடில், “தேடிச் சொல்கிறேன்” என்னுங்கள். நாம் அதட்டிய அந்தக் கேள்வியே நமக்கும் தமிழ் கற்பித்தது.