தொட்டால் ஒளிரும் தூண்

அருங்காட்சியகம் என்றாலே முதலில் கண்ணில் படுவது 'தொடாதீர்கள்' என்ற பலகைதான். தில்லி காந்தி ஸ்மிருதியின் மாடியில், 2005-ல் திறக்கப்பட்ட 'எடர்னல் காந்தி' மல்ட்டிமீடியா அருங்காட்சியகம் இதற்கு நேர்மாறு. இங்கே பார்வையாளர் கை வைத்தால்தான் காட்சிகளுக்கு உயிர் வரும்.

இதை வடிவமைத்த ரஞ்சித் மக்குனி, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியவர். கீத கோவிந்தத்தையும் காசியையும் மல்ட்டிமீடியாவுக்குள் கொண்டுவந்தவர். கம்ப்யூட்டரோடு பேச கீபோர்டும் மவுஸும்தான் வேண்டுமா, ராட்டை சுற்றுவதும் கைகோப்பதும் போதாதா என்ற கேள்விதான் இந்தக் கலையின் அடிப்படை. சென்சார்கள் கையின் அசைவை உணர்ந்துகொள்ள, ஒளியும் ஒலியும் பதில் சொல்கின்றன. மேலைநாடுகளில் இதற்கு முன்னோடிகள் உண்டு. மைரன் க்ரூகர் 1970-களிலேயே, பார்ப்பவரின் நிழலுருவைத் திரையில் விழவைத்து, அவர் அசைவுக்கேற்ப காட்சி மாறும் 'வீடியோபிளேஸ்' என்ற படைப்பை உருவாக்கினார்.

ஆனால் இந்தியாவில் தொடுதல் என்பது தொழில்நுட்ப விஷயம் மட்டுமல்லவே! 'தீண்டாமை' என்று ஒரு சொல்லையே வைத்திருக்கும் சமூகம் நாம். அருங்காட்சியகத்தில் ஜாதியின்மையைச் சொல்லும் ஒரு தூண் இருக்கிறது. பார்வையாளர்கள் சங்கிலியாகக் கைகோத்து நின்றால்தான் அது ஒளிரும்.

சென்ற குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்த அக்கா குடும்பத்தை அங்கே அழைத்துப் போனேன். மராத்தி பேசும் ஒரு குடும்பமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. மடி ஆசாரத்தில் வளர்ந்த அத்திம்பேர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, பெயர் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தார். தூண் ஒளிர்ந்தது. "இவ்வளவுதானா?" என்றார்.

அந்தக் கேள்வியில் இரண்டு அர்த்தங்கள் இருக்கின்றன. தொடுவது இத்தனை சுலபமா என்பது ஒன்று. ஜாதி ஒழிய இது போதுமா என்பது மற்றது. இரண்டாவதற்கான பதிலைத் தேட மந்திர் மார்க்குக்குத்தான் போக வேண்டும். மறுநாள் போனோம்.

எல்லா ஜாதியினரையும் அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1939-ல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திர் இந்தச் சாலையில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 8-ம் தேதிதான் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் வைத்தியநாதய்யர் தலித்துகளை அழைத்துச் சென்றார். மந்திர் மார்க்கிலேயே வால்மீகி மந்திரும் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருப்பை ஒட்டிய அந்தக் கோவிலின் சிறு அறையில் காந்தி 1946-47-ல் தங்கினார். சுதந்திரம் பற்றிப் பேச வந்த பெரிய தலைவர்கள் அந்த வாசலைத் தேடி வர வேண்டியிருந்தது. 1947 செப்டம்பரில் குடியிருப்பு அகதிகளால் நிறைந்துவிட்டதால் அவர் பிர்லா மாளிகையில் தங்கினார். 1948 ஜனவரி 30 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாளிகைதான் இன்றைய காந்தி ஸ்மிருதி.

கைகோத்தது ஒரு நிமிடம். காந்தி இங்கே தங்கியது பல மாதங்கள். அதன் பிறகும் என்ன ஆயிற்று? கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டங்கள் தடை செய்தன. ஆனாலும், சாக்கடையில் இறங்கி உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நஷ்டஈட்டுத் தொகை கூடியிருக்கிறது, சாவு நிற்கவில்லை.

இதனால் அந்தத் தூணை வெறும் விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சென்சாருக்குத் தோல் தெரியும், மனம் தெரியாது. வீட்டு வாசலில் ஒருவரை நிறுத்திவைப்பவர் கை கொடுத்தாலும் அது ஒளிரத்தான் செய்யும். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதரை, முன்பின் தெரியாதவரின் கையைப் பிடிக்க வைத்தது ஒரு பிரசங்கம் அல்ல, அந்தத் தூண்தான். மீதி வேலையை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யாது. அது நம்முடையது.