ரசம் வைக்காத பத்து நாள்

லண்டனில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த இடத்தில் லேப்டாப் திறந்திருக்கிறது. பக்கத்தில் பெரியவரின் நோட்டு. ஈரோட்டில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவருக்கு நிம்மதி. நோட்டில் எட்டு வாடகை வீடுகள் இருந்தன. எட்டும் பார்படாஸில். ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டே தகவல்கள்: ஒரு நாள் வாடகை எவ்வளவு, கென்சிங்டன் ஓவல் மைதானத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்.

"எட்டு வீட்லயும் கிச்சன் இருக்கு. நம்ம சாப்பாட்ட நாமளே பாத்துக்கலாம்" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிங்க்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பார்படாஸ் என்ற பெயர் பெரியவர் மனதில் ஏறியதற்குக் கடற்கரை காரணமில்லை, கிரிக்கெட்தான் காரணம். சோபர்ஸ் பிறந்த தீவு. வொரெல், வீக்ஸ், வால்காட் என்று மூன்று 'டபிள்யூ'க்களையும் கொடுத்த மண். கார்னரும் மார்ஷலும் அங்கே பிறந்தவர்கள்தான். இத்தனைக்கும் தீவின் நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். ஈரோட்டில் பஸ் ஏறி கோபியில் இறங்குவதற்குள் முழுத் தீவும் முடிந்துவிடும்.

1997 மார்ச் கடைசியில் அங்கே நடந்த டெஸ்ட்டை அவர் இன்னும் மறக்கவில்லை. ஜெயிக்க 120 ரன் போதும். டெண்டுல்கர் கேப்டன். இந்தியா 81 ரன்னில் சுருண்டது. ராத்திரி டிவியை அணைத்துவிட்டு, மறுநாள் யாரோடும் பேசாமல் வங்கிக்குப் போனவர். அதே மைதானத்தில் 2024 ஜூன் 29 அன்று டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் தோற்கடித்தார்கள். சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்த அந்த கேட்சைப் பார்த்த நிமிடத்தில், "ஒரு தடவை அந்த மண்ணை மிதிச்சுட்டு வந்துடணும்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் அதை நம்பவில்லை.

இப்போது வாய்ப்பு வந்திருக்கிறது. லண்டனில் மகளோடு நான்கு மாதம் தங்க வந்தாயிற்று. பிரிட்டன் விசா கையில் இருக்கிறது. பார்படாஸுக்குச் சுற்றுலா போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. லண்டனிலிருந்து நேர் விமானத்தில் சுமார் ஒன்பது மணி நேரம். அமெரிக்கா வழியாகப் போனால் அந்த நாட்டு விசாவும் வேண்டும். அந்தத் தலைவலியும் இதில் இல்லை.

மாதத்தை முடிவு செய்வது சுலபமாக முடிந்தது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை குளிருக்குப் பயந்து ஐரோப்பியர்களும் கனடாக்காரர்களும் வந்து குவிவார்கள். அறை வாடகை எகிறும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். உலகக் கோப்பையை ஜெயித்த நம் அணியே பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு, ஹோட்டலில் அடைந்து கிடந்து, ஜூலை 4 காலையில்தான் டெல்லி வந்து சேர்ந்தது. ஆகவே மே மாதம். பெரியவர் கட்டத்துக்குள் எழுதி அடிக்கோடும் போட்டார். மீதி இருந்தது தங்கும் இடம். அங்கேதான் சிக்கல்.

மறுநாள் காலையில் மகளோடு தனியாக இருந்தபோது அம்மா கேட்டார்: "கிச்சன் இல்லாத ரூம் அந்த ஊர்ல கிடைக்காதா கண்ணு?"

மகளுக்கு முதலில் புரியவில்லை. சமையலறை இருப்பது வசதிதானே?

அம்மா ஒரு பழைய கதையைச் சொன்னார். மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது கொடைக்கானலில் காட்டேஜ் எடுத்துத் தங்கினார்கள். கேஸ் அடுப்போடு வாடகைக்கு வந்த காட்டேஜ். அரிசி, பருப்பு, ரசப்பொடி எல்லாம் மூட்டையாகப் போனது. மூன்று நாளும் மற்றவர்கள் ஏரியைப் பார்த்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். "நான் பாத்தது அந்த காட்டேஜ் சிங்க்க. பைப்பு ஒழுகிட்டே இருக்கும். அது மட்டும்தான் ஞாபகம் இருக்குது."

அதற்கப்புறம் மூணாறு, மைசூர், ராமேஸ்வரம். எல்லா இடத்திலும் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெரியவர். எல்லா இடத்திலும் ஏதோ ஒரு அடுப்பு இருந்தது.

பெரியவரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. இருவரும் சைவம். ஒரு வேளை ரசம் இல்லாவிட்டால் அவருக்கு வயிறு கட்டிக்கொள்ளும். பார்படாஸில் சாப்பாட்டுச் செலவு அதிகம் என்பதும் உண்மை. பெரும்பாலான பொருட்கள் கப்பலேறி வெளியிலிருந்து வருபவை. அதனால்தான் வாடகை வீட்டில் சமைத்துச் சாப்பிடும்படி பயணிகளுக்கு யோசனை சொல்கிறார்கள். கணக்குப் பிசகில்லை. ஆனால் 'நாமளே பாத்துக்கலாம்' என்கிற சொல்லில் இரண்டு பேர் இருப்பது போலத் தெரியும். அடுப்பு முன்னால் போய் நின்று பார்த்தால் ஒருவர்தான் இருப்பார்.

மகள் அன்று மாலையே அப்பாவிடம் பேசினாள். "அப்பா, ரூமை இந்தத் தடவை அம்மா பாக்கட்டும்."

"அவளுக்கு என்ன தெரியும் அதெல்லாம்?" என்றவர், மகள் பார்த்த பார்வையில் நோட்டை மூடிக்கொண்டார்.

சரி, எல்லாம் உள்ளடங்கிய ரிசார்ட் எடுத்துவிடலாம் என்றாள் மகள். மூன்று வேளைச் சாப்பாடு, குடி, எல்லாம் ஒரே கட்டணத்தில். அம்மா கட்டணத்தைப் பார்த்தார். "நாம குடிக்காத ரம்முக்கும் சாப்பிடாத மீனுக்கும் எதுக்குக் காசு குடுக்கோணும்?" என்றார். முந்நூறு வருஷத்துக்கு மேலாக ரம் காய்ச்சும் தீவு அது. அந்தக் கட்டணத்தில் ரம்மின் பங்கு கணிசமாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு ஒரு வாரம் போன் அம்மா கையில் இருந்தது.

முதலில் அவர் கேட்டது கடலைப் பற்றி. எந்தப் பக்கம் அலை குறைவு? மகள் தேடிச் சொன்னாள். கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்தது. பாத்ஷீபா என்ற இடத்தில் பாறைகளின் மேல் அலை எழுவதைப் படத்தில் பார்க்கவே பயமாக இருக்கும், குளிக்க ஆகாது. மேற்குக் கரையில் கடல் குளம் போலக் கிடக்கும். வாடகையும் அங்கேதான் உச்சம். தெற்குக் கரை நடுத்தரக் குடும்பங்களுக்குத் தோதானது. ஆனால் வசந்த காலத்திலிருந்து கோடை வரை சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி கிழக்கிலும் தெற்கிலும் வந்து ஒதுங்கும், நாற்றமடிக்கும். பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடா தென்மேற்கு மூலையில் ஒதுங்கி இருப்பதால் தண்ணீர் அமைதி.

"ஆழம் எப்படி? மெதுவா எறங்குமா?" என்று கேட்டார் அம்மா.

"நீங்க கால் நனைக்கத்தானே போறீங்க, ஆழம் எதுக்கு?" என்று மகள் சிரித்தாள். அம்மா பதில் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனார்.

கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்ற எண்ணத்தை அவரே விட்டுவிட்டார். பார்படாஸில் கடற்கரைகள் எல்லாம் பொது. மேற்கே பெரும் பணக்காரர்கள் தங்கும் ஹோட்டல் முன்னாலுள்ள மணலில்கூட யாரும் போய் உட்காரலாம். பிறகு எதற்கு ஜன்னலுக்குத் தனி வாடகை? பஸ்ஸும் மலிவு, எவ்வளவு தூரம் போனாலும் மூன்றரை பார்படாஸ் டாலர்தான். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர். 1975-லிருந்து மாறாத கணக்கு.

படங்களை அவர் பார்த்த விதமே வேறு. பெரியவர் வாடகையைப் பார்ப்பார். அம்மா படத்தைப் பெரிதாக்கி வாசற்படியை எண்ணினார். முழங்கால் வலி அவருக்கு. மாடி அறை என்றால் அப்படியே தள்ளிவிடுவார். கட்டிலின் உயரம், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ஜன்னலில் கொசுவலை. ஏசிக்குத் தனிக் காசா, கடைசியில் வரியும் சேவைக் கட்டணமும் எவ்வளவு சேரும் என்று மகளைக் கேட்கச் சொன்னார். நல்ல விமர்சனங்களை அவர் படிக்கவே இல்லை. திட்டி எழுதியவற்றை மட்டும், அதுவும் புதிதாக வந்தவற்றிலிருந்து தொடங்கி, மகளைப் படித்துக் காட்டச் சொன்னார். கல்யாணத்துக்கு இடம் பார்க்கிற நிதானம் அதில் இருந்தது.

கடைசியில் மூன்று இடங்கள் தேறின. அதில் ஒன்று ஹேஸ்டிங்ஸ் பகுதியில் ஒரு சிறிய விருந்தினர் இல்லம். தரைத்தளத்தில் அறை. காலை உணவு வாடகையோடு சேர்ந்தது. அறையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ், கெட்டில். அடுப்பு இல்லை. அருகிலேயே கடலை ஒட்டி ராக்லி வரை நடப்பதற்கு மரப்பலகைப் பாதை போகிறது. பஸ் பிடித்தால் கார்லைல் விரிகுடா சீக்கிரம் வந்துவிடும். அதே சாலை பிரிட்ஜ்டவுனுக்கும் போகிறது. ஊரின் மறுகோடியில் கென்சிங்டன் ஓவல். பெரியவர் மறுப்புச் சொல்ல இடமில்லை.

"மீனு, கறி இல்லாம என்ன குடுப்பாங்கன்னு கேளு" என்றார் அம்மா. மகள் எழுதினாள். இல்லத்தை நடத்தும் பெண்மணி அன்றிரவே விரிவாகப் பதில் போட்டிருந்தார். காலையில் பழங்கள், பொரித்த நேந்திரம், கோதுமை மாவைக் கரைத்துச் சுட்டெடுக்கும் 'பேக்ஸ்'. அது கிட்டத்தட்ட நம் இனிப்புப் போண்டா. தேசிய உணவான பறக்கும் மீனும் கூகூவும் பரிமாறுகிற இடத்தில் மீனை விட்டுவிட்டுக் கூகூவை மட்டும் கேட்டு வாங்கலாமாம். கூகூ என்பது மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் போட்டுக் கிளறிய களி. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "களி திங்கறதுக்கா இத்தன தூரம்?"

பச்சைத் துவரை போட்ட சோறு எங்கும் கிடைக்கும், ஆனால் பல இடங்களில் வாசனைக்கு உப்புக்கண்டம் சேர்ப்பார்கள், கேட்காமல் வாங்காதீர்கள் என்றும் அந்தப் பெண்மணி எழுதியிருந்தார். சீமைப்பலா உண்டு, சர்க்கரைவள்ளி உண்டு, உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுருட்டிய ரொட்டியும் உண்டு. டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன இந்தியர்களின் கைப்பக்குவம் தீவு தாண்டி வந்து சேர்ந்தது அது.

கடைசியில் இரண்டு எச்சரிக்கைகள். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தின் அடியில் மழைக்குக்கூட ஒதுங்காதீர்கள். அது மான்சினீல், சொட்டுகிற நீர் பட்டாலே தோல் கொப்பளிக்கும், சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற பழம் கொடிய விஷம். ராணுவ உடை மாதிரியான பச்சைப் புள்ளித் துணி எதையும் கொண்டுவராதீர்கள். அங்கே பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். பெரியவரின் வெயில் தொப்பி அந்த ரகம். அது லண்டனிலேயே தங்கிவிட்டது.

பதிலை மகள் படித்து முடித்ததும் அம்மா சொன்னார், "இதையே போட்டுடு." முப்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் அறை.

பெரியவர் விட்டுக்கொடுத்தாரே தவிர, நம்பிக்கை வரவில்லை. பெட்டி கட்டுகிற அன்று மகள் எதையோ தேடும்போது அவருடைய வேட்டிகளுக்கு நடுவில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. வெம்ப்ளிக் கடையில் வாங்கிய ஒரு ஆள் ரைஸ் குக்கர். உள்ளே கால் கிலோ அரிசி, ரசப்பொடிப் பொட்டலம்.

"சும்மா... ஒரு அவசரத்துக்கு" என்றார்.

"அப்பா, இது 230 வோல்ட். அங்க 115. பிளக்கும் அமெரிக்கா மாதிரி தட்டைப் பின்னு. இது சூடே ஏறாது."

அவர் குக்கரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அப்ப ரசம்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"கெட்டில் இருக்குதுங்க" என்றார் அம்மா. "பொடியப் போட்டு வெந்நி ஊத்தினா ரசந்தான். நீங்களே கலக்கிக் குடிச்சுக்கலாம்."

பொடிப் பொட்டலம் பெட்டிக்குள் போனது. குக்கர் சமையலறைக்குத் திரும்பியது. பெட்டியில் அது இருந்த இடத்தில் நல்ல பள்ளம். அம்மா உள்ளே போய் ஒரு காகிதப் பையை எடுத்து வந்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். மகள் பிரித்துப் பார்த்தாள். கருநீலத்தில், முழுக்கை, கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடை. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா அம்மா?"

"எங்க தோட்டத்துக் கெணத்துல மோட்டார் ரூம் மேல ஏறி நின்னு குதிப்பேன். கல்யாணத்துக்கு அப்புறம் எங்க?" என்றபடி அம்மா துணியை மடித்து, பொட்டலத்தின் மேல் வைத்து, பெட்டியின் ஜிப்பை இழுத்தார்.