பதினெட்டடி வீடும் ஒரு சாக்பீஸும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆள் இருக்கானா இல்லையான்னு தனிமடல்ல விசாரிச்ச நாலு பேருக்கும் நன்றி (அதுல ஒருத்தர் என் சொந்த மச்சான்). இருந்தேன் சாமி. மொட்டை மாடியில, கையில டேப்பும் சாக்பீஸுமா, தங்கமணி முறைக்க முறைக்க.

விஷயம் இதுதான். நமக்கு சர்வே பொழப்பு. ரோடு போடறதுக்கும் கரண்ட் டவர் நடறதுக்கும் முன்னாடி, மூணுகால் ஸ்டாண்டை நட்டு வெயில்ல ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நிப்பாங்களே, அந்தக் கூட்டம். ஒரு வேலைன்னா மூணு மாசம், நாலு மாசம். அதுவும் லாட்ஜ் இருக்கிற ஊர்ல எவனும் வேலை தர மாட்டான். போன தடவை ராயலசீமா பக்கம் போனப்ப, ரூம் ஒரு ஊர்ல, வேலை நாற்பது கிலோமீட்டர் தள்ளி. காலையில ஆறு மணிக்கு ஸ்டாண்டு போட்டாத்தான் எங்களுக்கு லாபம். பத்து, பதினோரு மணிக்கு மேல தரையில கானல் ஆட ஆரம்பிச்சுடும்; தூரத்துல இருக்கிற பிரிசம் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி நெளியும். அந்த நல்ல நேரத்துல பாதியை தினமும் ரோட்டிலேயே தொலைச்சோம். மூணு மாச வேலை நாலரை மாசம் ஆச்சு.

அப்பதான் புத்தியில உதிச்சது: வீட்டையே சைட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டா?

அமெரிக்காவுல இதெல்லாம் சர்வ சாதாரணம். ஆர்.வி.ன்னு பேரு. கட்டட வேலைக்குப் போறவங்க, மூணு மாச ஒப்பந்தத்துல ஊர் மாறுற நர்ஸுங்க எல்லாம் இழுவை வண்டியில வீட்டைக் கட்டிக்கிட்டுப் போறாங்க. பதினாறு அடியில ஆரம்பிச்சு முப்பதைத் தாண்டியும் இருக்கு. ராத்திரி பூரா வீடியோ பாத்து பாத்து, எனக்குப் பொலீரோ பின்னாடி ஒரு பதினெட்டடி டிரெய்லர்னு முடிவே பண்ணிட்டேன். சைட்டுல கழட்டி விட்டுட்டு வண்டியை மட்டும் ஓட்டிட்டு வேலைக்குப் போகலாம். சாயங்காலம் வந்தா வீடு அங்கேயே நிக்கும். அதுதான் டிரெய்லரோட பெரிய சௌகரியம்.

முதல் அடி எங்க சந்துலயே விழுந்தது. நம்ம வீடு இருக்கிறது திருவூடல் தெருவுக்குப் பக்கத்துச் சந்து. தை ரெண்டாம் தேதி அண்ணாமலையாரும் அம்மனும் சண்டை போட்டுக்கிற தெரு அது. ஊடல்ல அம்மன் கோவிலுக்குத் திரும்பிடுவாங்க, சுவாமி தனியா கிரிவலம் போவார். (நானும் வருஷத்துல எட்டு மாசம் தனியாத்தானே சுத்தறேன், ஆனா எனக்கு யாரும் தீபாராதனை காட்டறதில்ல.) தீபத் திருவிழா ஏழாம் நாள் பெரிய தேர் மாட வீதியில முட்டுக்கட்டை போட்டுத் திரும்புறதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தேருக்கு மாட வீதி இருக்கு. எங்க சந்துல எதிர்ல மாடு வந்தா ஆட்டோவே நின்னு யோசிக்கும்.

சரி, வெளியில எங்காவது நிறுத்திக்கலாம்னா, ரிவர்ஸ்! டிரெய்லரைப் பின்னால தள்ளணும்னா ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கணும். கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர் டிரைவர்கள் பேசிக்கிட்டே செய்யறாங்க. தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காலி டிரெய்லரை வாங்கி ஏரிக்கரையோரம் முயற்சி பண்ணினேன். அரை மணி நேரத்துல டிராக்டரும் டிரெய்லரும் ஒண்ணை ஒண்ணு திரும்பிப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. இன்னொண்ணு: டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான், அதுக்குத் தனிப் பதிவு வேணும். அப்புறம், விளம்பரத்துல போடற நீளத்துல இழுக்கிற கொக்கிக் கம்பியையும் பல பேர் சேர்த்துடறாங்க. பதினெட்டுன்னு வாங்கினா உள்ளே படுக்கக் கிடைக்கிறது பதினாலு, பதினஞ்சுதான்.

இந்தக் கட்டத்துலதான் வேட்டவலம் ரோட்டுல ஒரு போர் வண்டியைப் பார்த்தேன். திருச்செங்கோட்டுப் பதிவு. ரிக் ஒரு லாரி, ராடும் சாமானும் ஏத்தின துணை லாரி ஒண்ணு. மாசக்கணக்குல அந்த லாரிதான் அவங்களுக்கு வீடு. அடுப்பு, அரிசி மூட்டை, கொடியில காயற லுங்கி, மேல தார்ப்பாயில படுக்கை. நம்ம ஊர்ல இது ஐம்பது வீடியோவுக்கு முன்னாடியே இருக்கிற ஆர்.வி! சமைச்சிட்டிருந்த மேஸ்திரிகிட்ட என் பதினெட்டடியைச் சொன்னேன். "உள்ள எவ்ளோ இருக்குன்னு பாக்காதீங்க சார். தோப்புக்குள்ள போவுமா, திரும்புமா, ராத்திரி பெட்ரோல் பங்க்ல நிறுத்த விடுவானா, அதைப் பாருங்க" ன்னார். அதோட, "தண்ணி, கக்கூஸ் ரெண்டுக்கும் பங்க்தான்" னும் சொன்னார்.

டிரெய்லர் கனவு அங்கேயே பஞ்சர். இழுக்கிறது வேண்டாம், ஓட்டுறதே வீடா இருக்கட்டும். ஆனா எந்த அளவு? குட்டியானை பின்னாடி கூண்டு கட்டலாம்னா, தட்டு ஏழடிக்குக் கொஞ்சம் அதிகம், அகலம் அஞ்சடிக்கும் குறைவு. படுக்கலாம், நிமிர்ந்து நிக்க முடியாது. நாலு மாசம் குனிஞ்சே வாழ்ந்தா முதுகு ஸ்டாண்டு மாதிரி மடங்கிடும். ஈகோ இன்னும் சின்னது, மொத்த வண்டியே பன்னிரண்டு அடி. கடைசியில வந்து நின்னது நடுத்தர நீள டெம்போ டிராவலர். உள்ளே நிக்கலாம், ஏரிக்கரையில திரும்பும், பங்க்காரரும் முறைக்க மாட்டார்.

அதைத்தான் சாக்பீஸால மாடியில வரைஞ்சேன். செயின்மேன் தம்பி டேப்போட மறுமுனையைப் பிடிச்சிருந்தான். ஆறு வருஷமா என்கூட வர்ற பையன். இங்க படுக்கை, ஆறடி மூணு அங்குலம். இங்க கம்ப்யூட்டர் மேஜை. இங்க அடுப்பு. இங்க கருவிப் பெட்டி. பெருமையா நடுவுல நின்னு பார்த்துட்டு, "எப்படிடா?" ன்னேன்.

"சூப்பர்ணா. ஸ்டாண்டு எங்க வைக்கறது?"

படுக்கைக்கு அடியிலன்னு காட்டினேன். தலையாட்டினான். அப்புறம் டேப்பைச் சுருட்டிக்கிட்டே, "அப்ப நான் எப்பவும் போல பொலீரோல படுத்துக்கறேன். அதையும் எடுத்துட்டு வருவோம் இல்லண்ணா?" ன்னான்.

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. வண்டிக் கணக்கு கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

ராயலசீமாவுல எங்களுக்குக் கொடுத்தது ஒருத்தருக்கான ரூம். கருவி பல லட்சம், காவலுக்கு ஆள் வேணும்னு அவன் நாலரை மாசமும் வண்டியிலதான் படுத்தான், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டு. மூணாவது மாசம் காய்ச்சல்ல விழுந்தான். டெங்கு. ஆஸ்பத்திரியில ஆறு நாள். அவங்க அம்மாவுக்கு போன் பண்ணினப்ப, "கொசுவலை கூட இல்லியா தம்பி?" ன்னு மட்டும் கேட்டாங்க. ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் நான் சொன்னது என்னவோ லாட்ஜ் தூரத்தையும் கானலையும் பத்தித்தான். இப்ப மாடியில கோடு போட்டதும் ஒரே ஒரு படுக்கைக்கு.

ஈரத்துணி கொண்டு வந்து எல்லாத்தையும் அழிச்சேன். தங்கமணி, "என்ன, வீட்டை இடிச்சாச்சா?" ன்னாங்க.

இரண்டாவது வரைபடத்துல வண்டி நீளம் அதேதான். உள்ளேதான் மாறிச்சு. ரெண்டு படுக்கையைப் பக்கத்துல பக்கத்துல போட்டா நடக்க வழி இல்லை. அதனால ரயில் மாதிரி ஒரே பக்கம் மேலும் கீழுமா ரெண்டு பெர்த். மேஜை மடக்கு மேஜையாச்சு. ஏசி போச்சு. நியாயமாவே போச்சு: ஒரு டன் ஏசிக்கு ஆயிரம் வாட்ஸ் பக்கம் வேணும், 150 ஏஎச் பேட்டரியில பாதியை எடுத்தா ஒரு மணி நேரம் கூடத் தாங்காது. அதே பேட்டரியில ரெண்டு சின்ன ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும். ஜன்னல் எல்லாத்துக்கும் கொசுவலை. தண்ணி இருபது லிட்டர் கேன் நாலு, அதுவே எண்பது கிலோ. குளியல், கக்கூஸ் மேஸ்திரி சொன்ன வழி.

உள்ளூர் பட்டறையில சீட்டைக் கழட்டிட்டு நாமே செஞ்சுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதுக்குக் குறுக்கே நிக்குது. தயாரிப்பாளரோட அசல் அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. படுக்கை வச்ச வண்டிக்குன்னே ஏஐஎஸ் 124ன்னு தனி விதிமுறை இருக்கு. அந்த ஒப்புதல் வச்சிருக்கிறவங்ககிட்ட கட்டினா காசு கூடத்தான் ஆகும். பொலீரோவை விக்கிறதா இருக்கேன்.

சந்துக்குள்ள இதுவும் வராது. பௌர்ணமி அன்னிக்கு ஊருக்குள்ளயே வராது. பஸ்ஸே அன்னிக்கு ஊர் எல்லையில தற்காலிக ஸ்டாண்டோட நின்னுடுது. செங்கம் ரோட்டுல ஒரு நண்பரோட காலி மனையில நிறுத்தப் பேசியாச்சு.

அடுத்த வேலைக்கு முதல் பத்து நாள் இதே அளவு வாடகை வண்டியில போய்ப் பார்க்கப் போறோம். தம்பிகிட்ட சொன்னப்ப சாக்பீஸ் கோட்டுக்குள்ள போய்ப் படுத்தே பார்த்தான். "கால் இடிக்கலண்ணா" ன்னான். மேல் பெர்த் யாருக்குங்கறதுதான் பஞ்சாயத்து. எனக்கு மூட்டு வலி, அவனுக்கு ராத்திரியில உருளுற பழக்கம்.

டிஸ்கி: மாடியில சாக்பீஸ் கோடு இன்னும் இருக்கு. நேத்து வடாம் பிழியறப்ப தங்கமணி கீழ் பெர்த்தை ஆக்கிரமிச்சுட்டாங்க.