வால்பாறைச் சாலையில்: பின்பாரமும் 40 வளைவுகளும்

பொள்ளாச்சியைச் சூழ்ந்த தென்னந்தோப்புகளின் நிழலில், பின் கேரியரில் ஏறக்குறைய 20 கிலோ சாமானைச் சுமந்து என் சைக்கிள் சாதுவாக ஓடியதைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஆழியாறு வனச் சோதனைச் சாவடியைத் தாண்டி, எண்ணிட்ட கொண்டையூசி வளைவுகள் ஒவ்வொன்றாக எதிர்ப்படத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாரத்தின் சுபாவம் பிரத்தியட்சமாயிற்று.

பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கு நேர்மேலே இருக்கும்வரை அதைச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது. மிதிக்கும்போது குதிகால் இடிக்காதிருக்கும் பொருட்டுப் பைகளை அச்சுக்கும் பின்னால் தள்ளிக் கட்டினாலோ, ஏற்றக்காரர் துலாவின் பின்முனையை நோக்கி நடக்கையில் முன்முனை எழும்புவதுபோல, முன்சக்கரம் இலேசாகித் தரையின் பிடியை இழக்கிறது. சமதரையில் மறைந்து கிடக்கும் இந்தக் குணம், சாலை நிமிரும் இடத்தில், வேகம் நடைவேகத்துக்குக் குறைந்து உடலின் எடையும் பின்னோக்கிச் சாயும் தருணத்தில் வெளிப்பட்டு, ஹேண்டில்பாரை இடமும் வலமுமாக அலைக்கழிக்கிறது. இடப்பக்க வளைவுகளில் சிரமம் அதிகம். இடதோரமாகவே ஏறவேண்டிய நமக்கு அங்கே வாய்ப்பது வளைவின் உட்புறம், மிகச் செங்குத்தான பகுதி. எழுந்து நின்று மிதித்தால் பைகள் பக்கவாட்டில் ஆடி, சட்டம் முழுவதும் முறுகுவது காலுக்கே தெரியும். ஆகையால் உட்கார்ந்தபடி, சிறிய கியரில், மார்பைச் சற்று முன்சாய்த்து நிதானமாக ஏறுவதே உத்தமம்.

என்னுடன் வந்த நண்பர் அதே அளவு பாரத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, முன் ஃபோர்க்கின் இருபுறமும் அச்சுக்கு அருகே தாழ்வாகக் கட்டியிருந்தார். 9ஆம் வளைவின் காட்சி முனையில், கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் பளபளத்துக் கிடந்ததைச் சிறிது நேரம் பார்த்து நின்றுவிட்டு, இருவரும் சைக்கிளை மாற்றிக்கொண்டோம். அவருடைய ஹேண்டில் திரும்புவதற்குச் சற்றுக் கனமாக இருந்தது உண்மை. ஆனால் விட்ட கோட்டிலேயே ஸ்திரமாக நின்றது. பாறைச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த வரையாடுகளை நிமிர்ந்து பார்க்கும் அவகாசம்கூட அதில்தான் எனக்குக் கிடைத்தது.

பொள்ளாச்சியில் பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்த பெரியவர், "பளுவப் பூராப் பின்னாடியே வெக்காதீங்க சார், வலது பக்கக் கம்பிதான் மொதல்ல போகும்" என்றார். பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக வலப்புறத்து ஸ்போக்ஸ் கம்பிகள் செங்குத்தாகவும் இடப்புறத்தைக் காட்டிலும் மிகுந்த இறுக்கத்துடனும் நிற்பதால், அதிகப் பாரத்தில் பெரும்பாலும் முதலில் அறுவது அவைதாம். நெடும்பயணத்துக்கு 36 கம்பிச் சக்கரத்தை அனுபவசாலிகள் விரும்புவதும் இதனாலேயே.

கவர்கல்லைத் தாண்டித் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சாலை இறங்குகையில், பின்பாரம் வேறொரு அபாயத்தைக் காட்டிற்று. வேகம் கூடியதும், கேரியரின் மெல்லிய ஆட்டம் சட்டத்தின் வழியே முன்சக்கரத்துக்குப் பரவி, ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கியது. அந்த க்ஷணத்தில் கைப்பிடியை இறுக்குவது நடுக்கத்தை வளர்க்கவே செய்யும். இரு முழங்கால்களாலும் சட்டத்தின் மேல்பாரை அணைத்துப் பிடித்து, கைகளைத் தளர்த்தி, வேகத்தை மெல்லக் குறைத்ததும் அது அடங்கிற்று. இறக்கம் நெடுக பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். அழுத்திக் குறைத்து, உடனே விட்டு, ரிம் ஆற அவகாசம் கொடுத்து இறங்கவேண்டும்.

மலைப்பயணம் புறப்படும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: தண்ணீர், அரிசி, கருவிகள் ஆகிய கனமானவற்றில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்குக் கொடுங்கள், பின்னால் வைப்பதைத் தாழ்வாக, அச்சை ஒட்டி, அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள்.