ஏரிக்கரையில் ஜிஐஎஸ் கற்றுத்தந்த ஆசிரியைக்கு

அன்புள்ள மேடம்,

இந்தக் கல்வியாண்டு முதல் நானும் ஒரு பாலிடெக்னிக்கில் சர்வே மாணவர்களுக்கு ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) பாடம் எடுக்கிறேன். பாடத்திட்டம் கைக்கு வந்ததும் உங்கள் நினைவுதான் முதலில் வந்தது. உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்தது இன்னும் பல ஆசிரியர்களுக்குத் தெரிய வேண்டியது. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்தப் பாடம் பல இடங்களில் எப்படி நடக்கிறது என்று இப்போது பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கணினி அறையில் உட்கார்ந்து, யாரோ தயாரித்து வைத்த மாவட்ட எல்லைக் கோப்பைத் திறந்து, வட்டத்துக்கு ஒரு வண்ணம் அடித்து, திசைக்குறியும் அளவுகோலும் வைத்து அச்செடுத்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. அந்த எல்லைக்கோட்டை யார் அளந்தார்கள், எந்த ஆண்டில், எந்தக் கருவியால் என்ற கேள்வியே எழுவதில்லை. வெயிலில் நின்று டோட்டல் ஸ்டேஷன் பழகிய பிள்ளைகள்தான் இவர்கள். திரைக்கு முன்னால் வந்ததும் தாங்கள் அளவையாளர்கள் என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது.

நீங்கள் எங்களை மதுராந்தகம் பக்கத்து ஏரி ஒன்றுக்கு அழைத்துப் போனீர்கள். "ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட இந்த ஏரிக்கு ஒரு படம் வேண்டும். ஊர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள்" என்பதுதான் நீங்கள் கொடுத்த வேலை. கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், ஆயக்கட்டு எல்லாம் அதில் வரவேண்டும். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரிகள் உண்டு. அவற்றில் ஒன்றையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்றீர்கள்.

கரையின் ஆலமரத்தடியில் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் சொன்ன வரலாற்றை இப்போது என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். 1794-ல் சென்னையில் எட்டு மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளிதான் பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அதற்கு யோசனை சொன்ன மைக்கேல் டாப்பிங், ஏரி, கால்வாய்ப் பழுதுபார்ப்புப் பணிகளுக்கும் பொறுப்பாளராக இருந்தவர். அதற்கும் முன்னால், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு இதே செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராக அளந்திருக்கிறார். "அவர்கள் அளந்தது கம்பெனிக்காக. நீங்கள் அளப்பது இந்த ஊருக்காக" என்று சொல்லிவிட்டு நீங்கள் சோற்று டப்பாவை மூடி எழுந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று பிற்பகல் யாரும் நிழல் தேடவில்லை.

முதல் வேலை பழைய கிராம வரைபடத்தைக் கணினியில் பூமியோடு பொருத்துவது. மூன்று ஊர் எல்லை சேரும் முச்சந்திக் கற்களைக் கருவேலம் புதருக்குள் தேடிக் கண்டுபிடித்து, செயற்கைக்கோள் வழியாக இடத்தைத் துல்லியமாகக் காட்டும் டிஜிபிஎஸ் கருவி வைத்து ஆயத்தொலை எடுத்தோம். கியூஜிஐஎஸ் மென்பொருளில் பொருத்தும்போது ஒரு முறையைத் தேர்ந்தால் பிழை சில மீட்டர் என்று காட்டியது. 'தின் பிளேட் ஸ்பிளைன்' என்பதைத் தேர்ந்தால் பிழை பூஜ்யம். வகுப்பே மகிழ்ந்தது. நீங்கள் பொருத்துவதற்குப் பயன்படுத்தாத ஒரு கல்லின் ஆயத்தொலையைக் கொடுத்து, படத்தில் அது எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். விலகி விழுந்தது. அந்த முறை, கொடுத்த புள்ளிகள் ஒவ்வொன்றின் வழியாகவும் போகும்படி படத்தையே இழுத்து வளைக்கிறது. அதனால்தான் பூஜ்யம் காட்டுகிறது என்று அப்போது விளங்கியது. சரிபார்க்கும் கல்லை எப்போதும் தனியே ஒதுக்கி வைக்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

பிறகு பழைய நிலப்படத்தாள். அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தால் ஏரி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்கார்ந்தது. 1802-ல் பரங்கிமலை அருகே லாம்டன் ஏழரை மைல் அடிக்கோடு அளந்தபோது தொடங்கிய பெரும் நில அளவைப் பணியின் தொடர்ச்சியில், 1830-ல் சர்வேயர் எவரெஸ்ட் கணித்த நீள்வட்டத்தின்மேல் நிற்கிறது அந்தத் தாள். இன்றைய செயற்கைக்கோள்கள் பூமி முழுவதற்கும் பொருந்தும் வேறொரு நீள்வட்டத்தைப் பின்பற்றுகின்றன. புத்தகத்தில் ஒரு பத்தியாக உறங்கிய இந்தச் சங்கதி, எங்கள் ஏரி நகர்ந்து நின்றதைப் பார்த்தபோதுதான் மனதில் ஏறியது.

உயரமும் அப்படியே. கரைமேல் நின்ற எங்களை டிஜிபிஎஸ் கடலுக்குக் கீழே இருப்பதாக, மைனஸ் குறியோடு காட்டியது. கருவி பழுது என்று பேசிக்கொண்டோம். நீங்கள் மண்ணில் குச்சியால் இரண்டு கோடு வரைந்தீர்கள்: ஒன்று கணித நீள்வட்டம், மற்றொன்று கடல்மட்டத்தையொட்டிய ஜியாய்டு. இந்தியப் பெருங்கடலில் நமக்குத் தெற்கே பூமியின் ஈர்ப்பு குறைந்த ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஜியாய்டு நீள்வட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கூடுதலாகக் கீழே போகிறது. அதன் பாதிப்பு நம் ஊர்வரை நீள்கிறது. உலகத்திலேயே பெரிய அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது, மேடம்.

இவை எல்லாவற்றையும்விட நான் கடன்பட்டிருப்பது வரைபடத் தரவின் அட்டவணையில் நீங்கள் சேர்க்கச் சொன்ன ஒரு பத்திக்கு. மதகு, கால்வாய், கல், எது வரைந்தாலும் அதன் எதிரே 'எப்படித் தெரியும்' என்று எழுத வேண்டும். அளந்தது, பார்த்தது, கேட்டது, ஆவணத்தில் இருந்தது என நான்கு விடைகளில் ஒன்று, கூடவே தேதி. காலியாக விட்டவர்களின் கோப்பை நீங்கள் திறக்கவே மாட்டீர்கள்.

அந்தப் பத்தியின் அருமை வரத்துக்கால்வாயில் தெரிந்தது. புலப்படத்தில் கால்வாய்ப் புறம்போக்கு தெளிவாக இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் மனைகள். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை வைத்து நீரோட்டத்தைக் கணினியில் வரைந்தால், கால்வாய் வேறெங்கோ வயலுக்குள் ஓடியது. முப்பது மீட்டர்ச் சதுரங்களால் ஆன தரவு அது. உயரத்தில் சில மீட்டர் பிழையும் உண்டு. நம் சமவெளியில் தண்ணீர் செல்வதற்குச் சில சென்டிமீட்டர் சரிவு போதும். ஆகவே ஆட்டோ லெவலையும் ஸ்டாஃபையும் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஊரில் தலைமுறையாகத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டித் தாத்தாவைக் கூட அழைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். ரோட்டோரம் ஒரு சிறுபாலத்தருகே அவர் நின்று, "ரோட்ட ஒசத்துனாங்க கண்ணு, அப்பறம் தண்ணி இந்தப் பக்கம் ஏறல" என்றார். லெவல் எடுத்தோம். பாலத்தின் அடிமட்டம் மேற்புறக் கால்வாய்த் தரையைவிட உயரத்தில் இருந்தது.

ஆவணம் ஒன்று சொல்கிறது, வானத்துப் படம் ஒன்று, தாத்தா ஒன்று. எதை வரைவது என்று உங்களைக் கேட்டோம். மூன்றையும் வரையச் சொன்னீர்கள்: அளந்தது முழுக்கோடு, கேட்டது புள்ளிக்கோடு, ஆவணம் வேறு நிறம். வரைபடத்தில் ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது புதிய பாடம். தாத்தா சொன்னதற்குத் தாசில்தார் அலுவலக ஆவணத்தோடு சமமாக ஒரு அடுக்கு கிடைத்ததை இப்போதும் பெருமையாக நினைக்கிறேன்.

ஊர் வைத்திருக்கும் பெயர்களையும் அட்டவணையின் பத்தித் தலைப்புகளையும் தமிழிலேயே பதிய வேண்டும் என்றும் பிடிவாதமாக இருந்தீர்கள். ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம்; யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். 'மதகு' என்ற சிறு சொல்கூட அதில் முழுதாக நுழையவில்லை. ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிக்கொள்ளலாமே என்று பலர் கெஞ்சினோம். நீங்கள் சம்மதிக்கவில்லை. ஒரு மாலை முழுவதும் எங்களோடு உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் அந்த வரம்பு இல்லாத ஜியோபேக்கேஜுக்கு மாற்றினீர்கள். படம் ஊராட்சிச் சுவரில் ஏறிய அன்று, நூறு நாள் வேலைக்கு வந்த ஓர் அக்கா மதகின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, "இது ஐயனார் மதகு இல்ல, அது அந்தாண்ட இருக்கு" என்று திருத்தினார். ஆங்கிலச் சுருக்கமாக இருந்திருந்தால் அந்தத் திருத்தம் வந்திருக்காது. நீங்கள் உடனே பேனாவை எடுத்து அச்சுப் படத்திலேயே குறித்துக்கொண்டீர்கள். அடுத்த அச்சில் அது சரியாக வந்தது, 'கேட்டது' என்ற விடையோடும் தேதியோடும்.

இந்த மாதிரி வகுப்புக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பது ஆசிரியரான பிறகுதான் எனக்குத் தெரிகிறது. வண்டிக்கு அனுமதி, கருவிக்குப் பொறுப்புக் கையெழுத்து, தேர்வுக்கு முன் பாடம் முடியுமா என்ற கவலை, வெயிலில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். மென்பொருள் கட்டளைகளைக் கணினி அறையில் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம் நீங்கள். அந்தச் சுமையை எங்களிடம் ஒரு நாளும் காட்டாததற்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

வைகாசியில் ஏரி வற்றியதும் என் மாணவர்களை அழைத்துக்கொண்டு பக்கத்து ஏரியில் இறங்கப்போகிறேன். வரத்துக்கால்வாய் வழியாக இரண்டு ஏரிகளும் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. எனவே உங்கள் பழைய பெஞ்ச்மார்க் பட்டியலும் லெவல் புத்தகத்தின் நகலும் எங்களுக்கு வேண்டும். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் வாருங்கள். அட்டவணையைத் திறந்து, 'எப்படித் தெரியும்' என்ற பத்தியை அவர்களிடம் நீங்களே கேட்டு வாங்க வேண்டும் என்பது என் ஆசை.


உங்கள் மாணவி