ஆளு இருக்கு, சத்தத்தைக் காணோம்
பொங்கலுக்குப் பொன்னமராவதி வந்தும் லேப்டாப்பை மூடலை மக்களே. நான் எழுதுன லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர், கேபிளே சொருகாம பூட் பண்ணாலும் லிங்க் இருக்குன்னு சாதிச்சுது. அதை நம்பி டிஹெச்சிபி, முகவரி கேட்டுக் காத்துக் கிடந்துச்சு. ரெண்டு நாளாத் தேடுறேன். ஹார்டுவேர் ஆளுங்களைத் திட்டி மெயில்கூட அடிச்சு வெச்சுட்டேன்.

"ஏய்யா, ஆளு இருக்க, கூப்புட்டா சத்தத்தைக் காணோம்?"னு அடுப்படியில இருந்து அப்பத்தா.

இஃப்கான்ஃபிக்ல 'அப்'னா கார்டை நாம முடுக்கியாச்சு, அவ்ளோதான். 'ரன்னிங்' வந்தாத்தான் வயர்ல உயிர் இருக்குன்னு அர்த்தம். டிரைவர் வாயைத் திறக்கலைன்னா கேரியர் இருக்குன்னே கர்னல் எடுத்துக்கும். அதனால ஆரம்பத்துலயே நெட்டிஃப்_கேரியர்_ஆஃப் கூப்பிட்டுட்டு, லிங்க் வந்தப்புறம்தான் ஆன் சொல்லணும். அந்த முதல் ஆஃப்பை மறந்தது சாட்சாத் நானேதான் :-(

மெயிலை அழிச்சாச்சு. பேட்ச் திங்கக்கிழமை. அப்பத்தா மூணாவது தடவையா கூப்புடுறாங்க, வர்றேன்.